ஒரகடம் பக்கம் வீட்டை நாள் வாடகைக்கு விடப் போறீங்களா? முதல்ல ஒரு ராத்திரி நீங்களே அங்க தூங்கிப் பாருங்க

ஒரகடம் சந்திப்பிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினால் என் மாமாவின் வீடு. கீழே மாமாவும் அத்தையும் இருக்கிறார்கள். மேல் தளத்தை வங்கிக் கடன் வாங்கிக் கட்டினார்கள். இரண்டு படுக்கை அறை, சின்ன சமையலறை, இரண்டு குளியலறை. மாத வாடகைக்கு விடத்தான் கட்டினார்கள். பிறகு யாரோ சொன்னார்களாம், "கம்பெனிக்கு வர்ற இன்ஜினியருங்களுக்கு நாள் கணக்குல விட்டா ரெண்டு மடங்கு வருமே" என்று. மாமாவும் ஒரு செயலியில் படம் போட்டுப் பதிவு செய்துவிட்டார்.

முதல் விருந்தினர்கள் இரண்டு கொரிய இன்ஜினியர்கள். புது இயந்திரம் ஒன்றை நிறுவ மூன்று வாரத்துக்கு வந்தவர்கள். இரண்டாம் நாள் காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சண்டையும் இல்லை, புகாரும் இல்லை. மூன்று நாள் கழித்து செயலியில் இரண்டு நட்சத்திரமும் நாலு வரியும் வந்தன. மாமா எனக்கு போன் செய்தார்: "ஏம்மா, புது வீடு, புது ஏசி, புது டிவி. என்ன குறைன்னு ஓடறாங்க?"

அந்த வார இறுதியில் நான் போய் மேல் தளத்தில் ஓர் இரவு தங்கினேன். குறை என்னவென்று விடியும் முன்பே தெரிந்துவிட்டது. அதில் ஒன்று குறை என்ற கணக்கிலேயே வராது. உயிர் போயிருக்கக்கூடிய விஷயம். அந்த இரவில் பார்த்ததும், பின் இரண்டு மாதத்தில் சரி செய்ததும்தான் இந்தக் கட்டுரை. இந்தப் பக்கத்தில் வீட்டையோ அறையையோ நாள், வார வாடகைக்கு விடுகிறவர்கள், விட நினைக்கிறவர்கள் கைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

யார் வருகிறார்கள்?

ஊட்டி, கொடைக்கானலில் தங்கும் விருந்தினர் வேறு, இங்கே வருகிறவர் வேறு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதியின் முகமே மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் பூங்காக்கள் வரிசையாக வந்தன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைபேசி எல்லாம் இங்கே தயாராகின்றன. இயந்திரம் நிறுவ வருபவர், தணிக்கைக்கு வருபவர், பயிற்சிக்கு வருபவர், மகளை வேலையில் சேர்க்க வரும் பெற்றோர், இவர்கள்தான் நம் விருந்தினர்கள்.

இவர்களுக்குக் காட்சி வேண்டாம், தூக்கம் வேண்டும். ஷிப்டு முடிந்து காலை 7 மணிக்கு வந்து படுப்பவர்களும் உண்டு. அதனால் இங்கே நல்ல வீடு என்றால் பகலிலும் தூங்க முடிகிற வீடு. மாமா கூடத்துக்கு 55 அங்குல டிவி வாங்கியிருந்தார். படுக்கை அறை ஜன்னலுக்கு மெல்லிய பூப்போட்ட திரை. கிழக்குப் பார்த்த ஜன்னல். 6 மணிக்கு வெயில் நேராக முகத்தில்!

தடிமனான, வெளிச்சம் புகாத திரைத் துணி இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஆனால் துணியை மாற்றினால் மட்டும் போதாது. திரைக்கம்பியை ஜன்னல் சட்டத்தின் அளவுக்கே அடித்தால் இரண்டு பக்கமும் கோடு போட்டதுபோல வெளிச்சம் வரும். கம்பி இரு பக்கமும் அரை அடி நீண்டிருக்கட்டும். மேலேயும் கொஞ்சம் தள்ளி அடியுங்கள், திரை தரை வரை தொங்கட்டும். பகல் 12 மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள். ரேகை தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

சத்தமும் அப்படித்தான். கீழே அத்தை காலை 5 மணிக்கு மோட்டார் போடுவார்கள். அந்த மோட்டாரின் குழாய் மேல் அறைச் சுவரோடு ஒட்டிப் போகிறது. ராத்திரி தங்கினால்தான் இது தெரியும். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் வைத்துக் கவ்வியை மாற்றினோம், மோட்டார் போடும் நேரத்தையும் மாற்றினோம். செலவு சில நூறு ரூபாய்தான்.

நாற்றம் எங்கிருந்து வந்தது?

இரண்டாவது குளியலறையில் சாக்கடை நாற்றம். மாமா அதற்கு வாசனைத் திரவம் வாங்கி வைத்திருந்தார். மல்லிகையும் சாக்கடையும் சேர்ந்த வாசனை இன்னும் மோசம். பிளம்பர் வந்து குழாயை உடைக்க வேண்டும் என்றார். நல்ல வேளையாக உடைக்கவில்லை.

தரையில் தண்ணீர் வடியும் இடத்தில் ஜாலிக்குக் கீழே ஒரு கிண்ணம் போன்ற அமைப்பு இருக்கும். பிளம்பர்கள் நானி டிராப் என்பார்கள். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் நம் மூக்குக்கும் நடுவே இருக்கும் கதவு. குளியலறையைப் பத்துப் பதினைந்து நாள் பயன்படுத்தாமல் பூட்டி வைத்தால், நம் ஊர் வெயிலுக்கு அந்தத் தண்ணீர் வற்றிவிடும். கதவு திறந்துவிட்டதுபோல நாற்றமும் கரப்பானும் உள்ளே வரும். விருந்தினர் வந்து போகும் வீடுகளில் அறை சும்மா கிடக்கும் நாட்கள் அதிகம். அதனால் இந்தத் தொல்லையும் அங்கேதான் அதிகம். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். அரை மணியில் நாற்றம் போய்விட்டது. மாமா என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்!

வாரம் இரண்டு முறை எல்லா வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். வாஷ்பேசின், சமையலறைத் தொட்டி, பால்கனி வடிகால் எல்லாவற்றிலும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தண்ணீர் ஊற்றியபின் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். மேலே படலமாக நின்று ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

ஈரத் தரை அடுத்த விஷயம். நாம் குளியலறை முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளித்துப் பழகியவர்கள். வெளிநாட்டு விருந்தினர் பலருக்குக் குளிக்கும் இடம் தவிர மற்ற இடம் காய்ந்திருக்க வேண்டும். நம் வீட்டு வயதானவர்களுக்கும் அதுதான் நல்லது. வழுக்கி விழுவதில் பாதி குளியலறையில்தான் நடக்கிறது என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். கண்ணாடித் தடுப்பு போட வசதி இல்லையென்றால் ஒரு கம்பியும் பிளாஸ்டிக் திரையும் போதும். தரை வடிகாலை நோக்கிச் சரிகிறதா என்று பார்க்க, நடுவில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிவிட்டு நில்லுங்கள். மூலையில் தேங்கினால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

சுவரில் இருந்த அந்தப் பெட்டி

இப்போது நான் சொன்ன அந்த ஆபத்து. பெரிய குளியலறைக்குள் காஸ் கீசர் மாட்டியிருந்தார்கள். மின்கட்டணம் மிச்சம் என்று கடைக்காரர் சொன்னாராம். குளியலறைக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். கொசு வருகிறது என்று அதையும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடியிருந்தார்கள்.

காஸ் எரியும்போது போதிய காற்று கிடைக்கவில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காஸ் கசிந்தால் நாறும், இது நாறாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், கால் துவளும், கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. மூடிய குளியலறையில் காஸ் கீசரால் இறந்தவர்கள் பற்றிய செய்தி நம் நாட்டில் ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. குளிர் நாட்டிலிருந்து வந்தவர் வெந்நீரைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் நிற்பார். யோசித்துப் பாருங்கள்.

அன்றைக்கே கழற்றினோம். மாமாவுக்கு வருத்தம், "போன வருஷம்தாம்மா வாங்கினேன்." மின்சார கீசர் மாட்டினோம். காஸ் கீசர்தான் வேண்டும் என்றால் அது குளியலறைக்கு வெளியே, திறந்த வெளியில், மழை படாத இடத்தில் இருக்க வேண்டும். வெந்நீர் மட்டும் குழாய் வழியே உள்ளே வரட்டும். காஸ் கசிவு என்றால் எந்த நிறுவனத்தின் சிலிண்டராக இருந்தாலும் 1906 என்ற எண்ணை அழைக்கலாம், 24 மணி நேரமும் இயங்குகிறது. இந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

மின்சார கீசர் வந்ததும் அடுத்த கேள்வி மின்கசிவு. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா பாருங்கள். அதில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்தினால் மின்சாரம் சட்டென்று துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படவில்லை என்றால் அது அலங்காரத்துக்கு மாட்டிய பொருள், உடனே மாற்றுங்கள். மாமா வீட்டில் இருந்தது. ஆனால் எர்த் கம்பி எங்கேயும் இணைக்கப்படாமல் போர்டுக்குள்ளேயே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு முறை முழு வீட்டையும் சோதித்துவிடுவது நல்லது.

பிளக் விஷயம் ஒன்று. கொரியாவில் 220 வோல்ட், ஏறக்குறைய நம் ஊர் போலத்தான். அவர்கள் பிளக் உருண்டைக் கம்பி, நம் சாக்கெட்டில் நுழையும், ஆனால் சில நேரம் லூசாக நின்று பொறி பறக்கும். ஜப்பானில் 100 வோல்ட். அவர்கள் கைபேசி, மடிக்கணினி சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வரை தாங்கும். அங்கிருந்து கொண்டுவரும் ஹேர் டிரையரோ சின்ன ரைஸ் குக்கரோ தாங்காது, புகைந்துவிடும். நல்ல தரமான யுனிவர்சல் அடாப்டர் அறைக்கு இரண்டு வையுங்கள். "இங்கே 230 வோல்ட்" என்று ஆங்கிலத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் போதும்.

இன்னும் ஒன்று: ஜன்னல் கிரில். திருட்டுப் பயத்தில் எல்லா ஜன்னலையும் இரும்பால் அடைத்துவிடுகிறோம். தீப்பிடித்து வாசல் பக்கம் போக முடியாவிட்டால்? ஒரு ஜன்னல் கிரிலாவது கீல் வைத்து உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும், சாவி பக்கத்திலேயே தொங்கட்டும். ஒரு ஏபிசி வகைத் தீயணைப்பான், அறைக்கு ஒரு புகை எச்சரிக்கைக் கருவி. டிவிக்குச் செலவு செய்ததில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

தண்ணீர்

இந்தப் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, குழாயில் வெள்ளைப் படிவு, துவைத்த துண்டு அட்டை மாதிரி இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கரைந்த உப்புகளின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லி கிராம், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு 200, அதிகபட்சம் 600. உங்கள் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாமல் மெஷின் வாங்காதீர்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். அந்த அறிக்கையைப் படம் எடுத்து விருந்தினருக்கு அனுப்பினால் உங்கள் மேல் வரும் நம்பிக்கையே தனி.

சம்ப், மேல்நிலைத் தொட்டி இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கழுவுங்கள். கழுவி நிரப்பியபின் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். நேராகக் கொட்டக் கூடாது. ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். தொட்டி மூடி சரியாகப் பொருந்துகிறதா என்றும் அப்போதே பாருங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பூட்டிய வீட்டில் பூத்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை.

சுத்தம் செய்யும்போது தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள். டைல்ஸ் கறைக்கு ஆசிட் ஊற்றி, அதன்மேலேயே பிளீச்சிங் பவுடர் தூவும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைச் சுட்டுவிடும். மேல் தளத்தைச் சுத்தம் செய்ய வரும் அக்காவுக்கு இருமல் ஏன் வருகிறது என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காரணம் இதுதான். இப்போது ஆசிட்டே வாங்குவதில்லை. தண்ணீர்க் கறைக்கு சிட்ரிக் ஆசிட் தூள், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். ஷவர் தலையைக் கழற்றி ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப் போட்டால் அடைத்த ஓட்டை எல்லாம் திறந்துவிடும்.

படுக்கை, துண்டு

ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு. ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். இரண்டே செட் வைத்துக்கொண்டு ஐப்பசி மழையில் சமாளிக்கப் பார்த்தவர்களுக்குத்தான் மூன்றாவதின் அருமை தெரியும். வெள்ளைப் பருத்தி நல்லது. கறை தெரியும் என்று பயப்படுவார்கள், தெரியத்தான் வேண்டும். தெரிந்தால்தான் நீக்க முடியும். பூப்போட்ட விரிப்பைப் பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கும், விருந்தினருக்கு மட்டும் சந்தேகம் தீராது. மெத்தைக்கு நீர் புகாத உறை கட்டாயம்.

சுத்தம் செய்யும் வரிசை: மேலிருந்து கீழ், காய்ந்ததிலிருந்து ஈரம், கடைசியில் கழிவறை. கழிவறைத் துணி தனி நிறம், அது சமையலறைப் பக்கம் வரவே கூடாது. நானும் அத்தையும் முதல் முறை இரண்டு அறையையும் தயார் செய்ய நாலு மணி நேரம் ஆனது. அதனால் காலை 11-க்குக் காலி செய்து, மதியம் 2-க்கு அடுத்தவர் வருகிறார் என்று செயலியில் போட்டிருந்ததை மாலை 4 என்று மாற்றினோம். அவசரமாகப் பெருக்கிய அறையில் கட்டிலுக்கு அடியில் முந்தைய ஆளின் சாக்ஸ் கிடைத்தால் நட்சத்திரம் போச்சு!

நட்சத்திரக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம். ஏர்பிஎன்பி செயலியில் 'சூப்பர்ஹோஸ்ட்' என்ற தகுதிக்கு மற்ற நிபந்தனைகளோடு சராசரி 4.8 வேண்டும். பத்து விருந்தினரில் எட்டுப் பேர் 5, இரண்டு பேர் 4 கொடுத்தால் சரியாக 4.8. மூன்றாவது ஆள் 4 கொடுத்தால் 4.7, தகுதி போய்விடும். நாம் பள்ளிக்கூடத்தில் 80 மதிப்பெண் என்றால் சந்தோஷப்பட்டவர்கள், இங்கே 4 நட்சத்திரம் கிட்டத்தட்ட தோல்வி. மாமாவுக்கு இது புரிய ஒரு வாரம் ஆயிற்று. படத்தில் இருப்பதைவிட வீடு கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் கண்ட வழி. அகலக் கோணத்தில் எடுத்து அறையைக் கல்யாண மண்டபம் போலக் காட்டாதீர்கள். பக்கத்தில் லாரிகள் போகும் சாலை இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

யார் பதிவு செய்ய வேண்டும்?

கொரியர்கள் போன ஐந்தாம் நாள் மாமாவுக்கு விசாரிப்பு வந்தது. வெளிநாட்டவர் தங்கியதைத் தெரிவித்தீர்களா என்று. கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று மாமா நினைத்தார், வீட்டுக்காரர் செய்வார் என்று கம்பெனியின் ஒப்பந்ததாரர் நினைத்தார். விதி தெளிவானது: தங்க இடம் கொடுப்பவர்தான் தெரிவிக்க வேண்டும், விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள். ஓட்டல் மட்டும் இல்லை, ஓர் அறை கொடுக்கும் வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். பல ஆண்டுகளாக இதை 'சி படிவம்' என்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது, தெரிவிக்கும் கடமை அதிலும் தொடர்கிறது. எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில் முதலில் உங்கள் வீட்டைப் பதிவு செய்து கணக்கு வாங்க வேண்டும். அதற்கு ஒப்புதல் வர நாளாகலாம் என்பதால், விருந்தினர் வாசலில் நிற்கும்போது தொடங்காதீர்கள். பாஸ்போர்ட், விசா பக்கங்களைக் கைபேசியில் தெளிவாகப் படம் எடுத்து அன்றே ஏற்றிவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருந்துகொண்டு அதை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் ஜாக்கிரதை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. வாட்ஸ்அப்பில் "சரிப்பா" என்று வந்த பதிலை நம்பி இறங்காதீர்கள்.

நீங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே அறை கொடுக்கிறீர்கள் என்றால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் / ஹோம்ஸ்டே' வகைப்பாட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்று முதல் ஆறு அறை, அதிகபட்சம் 12 படுக்கை, கோல்டு, சில்வர் என இரண்டு நிலை. உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. அவர்களது சரிபார்ப்புப் பட்டியலை விண்ணப்பிக்காவிட்டாலும் ஒரு முறை படியுங்கள், நல்ல பாடம். தமிழ்நாடு சுற்றுலாத் துறையிடமும் பதிவு பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். மின் இணைப்பு வீட்டுக் கட்டண விகிதத்தில் இருக்கிறதா, வணிக விகிதத்துக்கு மாற்ற வேண்டுமா என்பதை உங்கள் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். சந்தேகங்களுக்கு மின்னகம் 94987 94987. சொத்துவரிக்கும் அதேபோல ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேளுங்கள்.

ஜிஎஸ்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு 5 சதவீதம். உங்கள் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து நீங்கள் பதிவு செய்யாதவர் என்றால், செயலி வழியாக வரும் முன்பதிவுக்கு அந்த வரியைச் செயலி நிறுவனமே கட்டும். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்கும் ஏற்பாட்டுக்கு 2024 ஜூலையில் விலக்கு வந்தது. இந்தப் பக்கம் மூன்று மாதம், ஆறு மாதம் தங்குகிறவர்கள் நிறைய என்பதால் இது உதவும்.

பெண் தொழிலாளர்களை மாதக் கணக்கில் தங்க வைத்தால் அது விடுதி. 2014-ம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். வீடுதானே என்று சொல்லித் தப்ப முடியாது. 2021 டிசம்பரில் தனியார் விடுதி ஒன்றின் உணவால் 150-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், அதன்பின் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் நடந்த மறியலும் நினைவிருக்கும். வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில், 13 கட்டடங்களில் 18,720 படுக்கைகளுடன் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. பெரிய இடத்தில் காற்று, கழிவறை, தீத் தடுப்பு எல்லாம் வரைபடத்திலேயே வந்துவிடும். நம் மாடி வீட்டில் அதை நாம்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

விருந்தினரின் ஆதார் நகல் வாங்கும்போது கடைசி 4 எண் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதார்' போதும் என்று நீங்களே சொல்லுங்கள். கேமரா வாசலிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் மட்டும், அதுவும் இருப்பதை அறிவிப்பில் எழுதி. அறைக்குள் வேண்டவே வேண்டாம். பெண்ணை அந்தரங்கமாக இருக்கும்போது படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 77-ன் கீழ் குற்றம்.

பணம் வாங்குவதிலும் கவனம். மாமாவுக்கு ஒரு நாள் அழைப்பு: "கம்பெனியிலிருந்து பேசறோம், பத்து நாள் ரூம் வேணும், அட்வான்ஸ் அனுப்ப இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க." பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண் போடவும் வேண்டாம். போட்டால் நம் பணம் போகும். அத்தைதான் பிடுங்கி போனை வைத்தார்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930.

வருவதற்கு முந்தைய நாள்

இப்போது விருந்தினர் வரும் முந்தைய நாள் அத்தை ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறார்கள். வீட்டு வாசலிலேயே நின்று எடுத்த வரைபடக் குறி, வாசல் படம், வைஃபை கடவுச்சொல், கீசர் சுவிட்ச் எங்கே, குடிதண்ணீர் எது, 112, 108. கூடவே, மாலையில் ஒரகடம் சந்திப்பில் ஷிப்டு பேருந்து நெரிசல் இருக்கும் என்ற எச்சரிக்கை. தமிழில் எழுதி கைபேசியிலேயே ஆங்கிலத்துக்கும் கொரிய மொழிக்கும் மாற்றிக்கொள்கிறார்கள். காலை 5 மணிக்குக் கிளம்புகிறவருக்கு ராத்திரியே பிரெட், வாழைப்பழம், முட்டை, கெட்டில் பக்கத்தில் காபித் தூள். சமைத்துக் கொடுக்கத் தொடங்கினால் உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவைப்படும் என்பதால் இப்போதைக்கு இவ்வளவுதான்.

போன மாதம் புனேயிலிருந்து வந்த ஒரு தணிக்கையாளர் பன்னிரண்டு நாள் தங்கினார். இரவு ஷிப்டைப் பார்வையிடும் வேலை, பகலெல்லாம் தூக்கம். போகும்போது அத்தையிடம் திரைத் துணி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டு, கடையின் பெயரைக் கைபேசியில் குறித்துக்கொண்டு போனார்.